எட்டாவது கதவு

உழவர்கரை, புதுச்சேரி
16 பிப்ரவரி 2025

யூஜின் அண்ணனுக்கு,

காலை ஆறரை மணிக்கு என் கதவைத் தட்டுவது யார்? எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள் இதை ஒப்புக்கொள்ள மூன்று நாள் ஆனது.

அடக்கத்துக்குப் பிறகு நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. அதனால்தான் தபால். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் அம்மா வீட்டுச் சாவியை இங்கே யாரிடமாவது கொடுத்திருக்கிறீர்களா?

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா மர்கரித் அம்மாள் நான்கு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது எங்கள் அன்பியத்தைத் தலைகுனிய வைத்துவிட்டது. பதினோரு கத்தோலிக்கக் குடும்பங்கள், மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்லி, சுண்டல் சாப்பிட்டுக் கலைகிறோம். பக்கத்து வீட்டில் ஒரு மனுஷி செத்துக் கிடப்பது தெரியாத இந்தக் கூட்டம் எதற்கு என்று பங்குச் சாமியார் கேட்டார். நான் பூசைக்குப் போவதே அபூர்வம். ஆனாலும் அந்தக் கேள்வி என் மேல் வந்து விழுந்தது போல இருந்தது.

டிசம்பர் முதல் ஞாயிறிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். தினமும் காலையில் முதல் வீட்டார் இரண்டாம் வீட்டுக் கதவை மூன்று முறை தட்டுவார்கள். உள்ளேயிருந்து "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். பிறகு இரண்டாம் வீட்டார் போய் மூன்றாம் வீட்டைத் தட்டுவார்கள். கடைசி வீட்டார் முதல் வீட்டைத் தட்டியதும் வரிசை முடியும். பதில் வராவிட்டால் பொறுப்பாளர் ஜெஸ்டினைக் கூப்பிட வேண்டும். மின்துறையில் வேலை பார்க்கிற அதே ஜெஸ்டின்தான். அந்த "இருக்கேன்" என் யோசனை. கதவைத் திறக்க வேண்டாம், தலை வாராமல் நைட்டியோடு யார் முன்னாலும் நிற்க வேண்டாம் என்பதால் எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று.

பட்டியலில் என் வீடு ஒன்பதாவது. பத்தாவது ஜெஸ்டின் வீடு. இரண்டரை மாதமாக என் கதவு தட்டப்படுகிறது, நான் அடுக்களையிலிருந்தே பதில் கொடுக்கிறேன், காபியைக் குடித்துவிட்டுப் போய் ஜெஸ்டின் வீட்டைத் தட்டுகிறேன். ஒரு நாளும் தவறியதில்லை.

போன வியாழக்கிழமைக் கூட்டத்தில், தன் கதவைத் தட்டுகிறவருக்கு ஒவ்வொருவரும் நன்றி சொல்லுங்கள் என்றார் சாமியார். நான் ஜெர்லினிடம் போனேன். நவம்பரில் குடிவந்த நர்ஸ் பெண், ஏழாவது வீடு. அவள் விழித்தாள்.

"நான் உங்க கதவைத் தட்டுனதே இல்லையே மேடம். பக்கத்து வீட்டைத்தான் தட்டறேன். எட்டாவது வீடு. மர்கரித்னு போர்டு இருக்கே."

ஜெஸ்டின் பழைய அன்பியக் குடும்பப் பட்டியலை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இறந்தவர் பெயரை வருஷப் பூசை முடியும்வரை பட்டியலிலிருந்து எடுப்பதில்லை என்பது இங்கே வழக்கம், உங்களுக்கும் தெரியும். எங்களுக்கெல்லாம் அது உறைக்கவில்லை. ஜெர்லினுக்கு உங்கள் அம்மாவைத் தெரியவே தெரியாது.

"அந்த வீட்டுல யாரும் இல்லம்மா," என்றார் ஜெஸ்டின்.

"இருக்காங்களே. தினம் இருக்கேன்னு சொல்றாங்களே."

ஜெஸ்டின்தான் சமாளிக்கப் பார்த்தார், மர்கரித் அம்மாள் உயிரோடு இருந்தபோதும் ஒரு கூட்டத்துக்குத் தாமதமாக வந்ததில்லை என்று. யாரும் சிரிக்கவில்லை. பேரை அடிக்க மறந்தது நீங்கள், பயப்படுவது நானா என்று ஜெர்லின் அவரைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சாவி விவரம் எழுதினால் போதும்.

ஞானமேரி


சார்செல், பிரான்ஸ்
9 மார்ச் 2025

பேராசிரியர் அவர்களுக்கு,

சாவி இரண்டும் என்னிடம்தான் இருக்கிறது. அடக்கம் முடிந்த அன்றைக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உங்களில் யாரிடமும் கொடுத்துவிட்டு வர எனக்கு மனசில்லை.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் அம்மா செத்ததால் உங்கள் அன்பியம் நன்றாக நடக்கிறது என்று தெரிகிறது. மெர்சி, ரொம்ப நன்றி. உயிரோடு இருந்தபோது ஒருத்தர் தட்டவில்லை, இப்போது காலி வீட்டைத் தினமும் தட்டுகிறீர்கள்.

யாராவது பூட்டை உடைத்து உள்ளே குடியிருக்கிறானா என்று ஜெஸ்டினைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நானும் ஒன்று கேட்கிறேன். நம்ம இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அப்பாமார் இரண்டு பேரும் ஒரே கொத்தனாரை வைத்துக் கட்டியது. அம்மாவுக்கு எது வேண்டுமானாலும் அந்தச் சுவரைத் தட்டித்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். சிலிண்டர் மாட்டவும் நீங்கள், டிவியில் சேனல் போனாலும் நீங்கள். என்னிடம் போனில் சொல்லிச் சிரிப்பார்கள். விழுந்தது வியாழக்கிழமை மத்தியானம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். உடனே உயிர் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அன்றைக்குச் சுவரைத் தட்டினார்களா?

யூஜின்


உழவர்கரை
30 மார்ச் 2025

யூஜின் அண்ணனுக்கு,

பூட்டு அப்படியே இருக்கிறது. ஜெஸ்டினும் நானும் பார்த்தோம். பூட்டின் மேல் சிலந்தி வலை கட்டியிருக்கிறது. பின்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி. ஜன்னல்கள் மூடியிருக்கின்றன. உள்ளே யாரும் இல்லை.

தட்டும் சத்தத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெர்லினை எட்டாவது கதவைத் தட்டச் சொல்லிவிட்டு நான் என் அடுக்களையில் நின்றேன். என் கதவைத் தட்டுவது போலத்தான் கேட்டது. நான் "இருக்கேன்" என்றேன். உங்கள் வாசலில் நின்றவளுக்கு அது உங்கள் வீட்டுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டிருக்கிறது. வாசல்கள் இரண்டும் இரண்டு முழ இடைவெளியில் இருக்கின்றன. அடுக்களைகளின் காற்றுத் துளைகள் இரண்டும் ஒரே சந்தில் திறக்கின்றன. மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்று முறையும் அதேதான்.

ஆக, இரண்டரை மாதமாக உங்கள் அம்மாவின் கதவு தட்டப்பட்டிருக்கிறது. அவருக்குப் பதிலாக நான் இருக்கிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன். அவ்வளவுதான். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கல்லூரி நாட்குறிப்பைப் புரட்டியபோது, ஜனவரி 24, 25 தேதிகளில் நான் ஊரில் இல்லை என்பது கண்ணில் பட்டது. ஒரு வாய்மொழித் தேர்வுக்காகத் திருச்சி போயிருந்தேன். ஜெஸ்டினிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன், அவர் ஜெர்லினுக்குச் சொல்ல மறந்திருக்கிறார். அந்த இரண்டு நாளும் தட்டினாயா என்று ஜெர்லினைக் கேட்டேன். தட்டியிருக்கிறாள். பதில் வந்ததா என்றேன். வராமல் போயிருந்தால் அன்றைக்கே ஜெஸ்டினைக் கூப்பிட்டிருப்பேனே என்றாள்.

தேதியைக் குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அவளோ மருத்துவமனைப் பணிப் பட்டியலை எடுத்துவந்து காட்டினாள். இருபத்தைந்தாம் தேதி இரவுப் பணி முடித்து நேராக வந்து தட்டியிருக்கிறாள். சந்தேகமில்லை.

இப்போது எட்டாவது கதவுப் பக்கமே அவள் போவதில்லை. என் கதவைத்தான் தட்டுகிறாள். ஆனால் பதில் கேட்ட பிறகும் போகாமல் கொஞ்ச நேரம் நிற்கிறாள், நிழல் கதவடியில் தெரிகிறது. ஏன் என்று கேட்டேன்.

"நீங்க இல்லாதப்பவும் பதில் வந்துச்சுன்னா, நீங்க இருக்கும்போது வர்ற பதிலை எப்படி நம்பறது மேடம்?"

எனக்கும் அந்தக் கணக்கு புரிந்தே இருந்தது. நான் இந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். ஒரு நாள் நான் விழுந்து கிடந்தால், அந்தக் குரல் எனக்குப் பதிலாகவும் இருக்கேன் என்று சொல்லும். ஜெர்லின் கேட்டுவிட்டு டியூட்டிக்குப் போவாள். வரிசை ஒழுங்காக நடக்கும்.

பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஜெஸ்டினிடம் சொன்னேன். வருஷப் பூசைக்கு முன்னால் எடுத்தால் நாமே அவங்களை வெளியே தள்ளியது போல ஆகும் என்கிறார்.

ஞானமேரி


சார்செல்
21 ஏப்ரல் 2025

பேராசிரியருக்கு,

ஈஸ்டருக்கு மறுநாள், இங்கே எல்லாம் மூடியிருக்கிறது. உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே படித்தேன். காற்றுத் துளை, சந்து, தேதி, பணிப் பட்டியல். எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. நான் கேட்டதற்கு இல்லை.

சின்ன வயசிலிருந்து உங்களைத் தெரியும். நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள். சொல்ல முடியாததைச் சொல்லாமல் விட்டுவிடுவீர்கள். அதனால் எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

மீதியையும் சொல்லுங்கள். அதுவரை வருஷப் பூசை என்று எதையும் ஏற்பாடு செய்ய வேண்டாம். நான் வரமாட்டேன். நான் இல்லாமல் நீங்கள் எல்லோரும் கூடி என் அம்மாவுக்காக அழுவதையும் நான் விரும்பவில்லை.

யூஜின்


உழவர்கரை
11 மே 2025

யூஜின் அண்ணனுக்கு,

தட்டினார்கள்.

மத்தியானம் மூன்று மணி. அன்று எனக்கு அரைநாள்தான் வகுப்பு. அடுக்களை மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்று தட்டு, எப்போதும் போல. அந்த வாரத்தில் அது நான்காவது தடவை. திங்கட்கிழமை டிவி, செவ்வாய்க்கிழமை மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல, புதன்கிழமை ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

எழுந்திருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே "இருக்கேன்" என்று குரல் கொடுத்தேன். இன்னும் ஆறு தாள் இருந்தது, முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். முடித்த பிறகு மறந்துவிட்டேன். மறுபடி தட்டவில்லை, அதனால் அவசரம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வீடு பூட்டியிருக்கிற மாதிரி இருந்தது. காரைக்காலில் உங்கள் சித்தி வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனி, ஞாயிறும் அப்படித்தான். திங்கட்கிழமை சிலிண்டர் கொண்டுவந்தவர்தான் ஜன்னல் வழியே பார்த்துச் சத்தம் போட்டார்.

போலீஸார் கேட்டபோது எதுவும் கேட்கவில்லை என்றேன். சாமியாரிடமும் அப்படித்தான். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள்.

அன்பியத்தில் ஒரு சொல் வேண்டும் என்று யோசித்தபோது என் வாயில் அந்தச் சொல்தான் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்கே தெரியவில்லை. உள்ளே இருப்பவர்கள் உயிரோடு இருப்பதாகத் தெரிவிக்கும் சொல் என்று எல்லோரும் பாராட்டினார்கள். நான் அதை யாரையும் பார்க்க எழுந்து போகாமல் இருப்பதற்கான சொல்லாகத்தான் வைத்திருந்தேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. தெரிய வேண்டியது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். வருஷப் பூசை பற்றி நீங்கள் சொன்னபடியே ஆகட்டும்.

ஞானமேரி


சார்செல்
8 ஜூன் 2025

மேரிக்கு,

கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் நாள் கிழித்துப் போடலாம் என்றிருந்தேன். கிழிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உங்க ஊர் மூணு மணி என்றால் எனக்குப் பதினொன்றரை. பதினொன்று நாற்பதுக்கு என் போன் அடித்தது. அம்மா. நான் வேலை செய்கிற கான்டீனில் சாப்பாட்டு நேரம் தொடங்கப் போகிறது, முன்னூறு தட்டு. எடுத்தால் அரைமணி நேரம் பேசுவார்கள், பக்கத்து வீட்டுப் பூனையிலிருந்து ஆரம்பிப்பார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். பதினொன்று ஐம்பதுக்கு இன்னொரு தடவை. அப்போதும் எடுக்கவில்லை. சாயங்காலம் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் வார விடுமுறை, பிள்ளைகள். அதற்குப் பிறகு ஜெஸ்டின்தான் கூப்பிட்டார்.

ஒன்பது மாசமாக இதை என் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த இரண்டு அழைப்பையும் அழிக்கவும் இல்லை. இந்த விஷயத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டால் என் தலை காலியாகும் என்று நினைத்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். இப்போது வரிசை எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் வருவீர்கள் என்று பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, பிறகு என்னை.

சாவி ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். உள்ளே போய்ப் பாருங்கள். காலையில் அந்த நேரத்துக்கு உள்ளே உட்காருங்கள். அங்கே பதில் சொல்கிறது யார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அம்மாவாக இருந்தால் நான் உடனே புறப்பட்டு வருகிறேன். யாரும் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள், அப்படியானாலும் வருகிறேன். எனக்குத் தெரியாமல் இருக்க முடியவில்லை.

யூஜின்


உழவர்கரை
5 ஜூலை 2025, சனிக்கிழமை மாலை

யூஜின் அண்ணனுக்கு,

சாவி வந்து சேர்ந்தது. இன்று மத்தியானம் ஜெஸ்டினும் நானும் கதவைத் திறந்து காற்றுவிட்டோம். ஜெர்லின் வாசலில் நின்று தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள், உள்ளே வரவில்லை. வீடு நீங்கள் விட்டுப்போனபடியே இருக்கிறது. நாட்காட்டியில் செப்டம்பர் தாள். அடுக்களையை மட்டும் நான் கழுவினேன்.

நடந்ததை அவர்கள் இருவரிடமும் இன்று சொன்னேன், நீங்கள் சொன்னதைத் தவிர. அந்த நாலு நாளில் தானும் மூன்று தடவை உங்கள் வாசலைத் தாண்டிப் போயிருப்பதாக ஜெஸ்டின் சொன்னார். வெள்ளிக்கிழமை பால் பாக்கெட் வெளியே கிடந்ததைப் பார்த்தாராம்.

நாளைக்கு இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறோம். நான் ஆறு இருபதுக்கு உங்கள் வீட்டுக்குள் போய் அடுக்களையில் உட்காருவேன். என் வீடு வெளியில் பூட்டியிருக்கும். சாவியை ஜெஸ்டின் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் வாசலிலேயே நிற்பார். ஆறரைக்கு ஜெர்லின் எட்டாவது கதவைத் தட்டுவாள். நான் வாய் திறக்க மாட்டேன். குரல் வந்தால் எங்கிருந்து என்று மூன்று பேரும் தனித்தனியாக எழுதி வைப்போம், பிறகு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஜெர்லினைச் சம்மதிக்க வைக்கத்தான் பாடாய்ப்பட்டேன். ஆறு ஐம்பதுக்குப் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், பேயையெல்லாம் சீக்கிரம் முடிச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குரல் வராது என்றுதான் நினைக்கிறேன். ஜனவரியில் அவள் கேட்டது தெருவில் வேறு யாரோ பேசியதாக இருக்கும்.

இந்தக் கடிதத்தை நாளைக்கு முடித்து அனுப்புகிறேன்.


6 ஜூலை, ஞாயிறு, காலை பத்து மணி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறு இருபத்திரண்டுக்கு உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாள் போடவில்லை. அடுக்களைத் தரையில் உட்கார்ந்தேன், உங்கள் அம்மாவைக் கண்டெடுத்த இடத்தில். நாற்காலியில் உட்காருவதாகத்தான் இருந்தேன், ஆனால் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

ஆறரைக்கு ஜெர்லின் மூன்று முறை தட்டினாள். நான் பேசவில்லை. வேறு பதிலும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முழுதாக ஒரு நிமிஷம். எதுவும் இல்லை என்று உங்களுக்கு எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு செய்தது எங்கள் திட்டத்தில் இல்லை. கை எட்டுகிற தூரத்தில்தான் நடுச்சுவர். விரல் முட்டியால் மூன்று முறை தட்டினேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என் அடுக்களையிலிருந்து, "இருக்கேன்" என்று பதில் வந்தது.

அது உங்கள் அம்மாவின் குரல் இல்லை. என் குரல். வேலையின் நடுவில் தலை நிமிராமல் சொல்கிற குரல். அதில் இருந்த எரிச்சல்கூட எனக்கு அடையாளம் தெரிந்தது.

நான் காத்திருந்தேன். ஏன் காத்திருந்தேன் என்று இப்போது விளக்க முடியவில்லை. பூட்டிய வீடு, உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் நாற்காலி நகர்கிற சத்தம் வரும், செருப்புச் சத்தம் வரும், யாரோ எழுந்து வருவார்கள் என்று காது கொடுத்துக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஜெஸ்டினைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவே தோன்றவில்லை.

கதவு திறந்தது. ஜெர்லின் நேராக அடுக்களைக்கு வந்தாள். என்னைத் தூக்கப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்த பிறகும் கையை விடவில்லை.

ஜெஸ்டின் வந்து பார்த்து, தனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றார். என் வீட்டுப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. அவர் தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஜெர்லின் தாளை எடுக்கவே இல்லை.

உனக்காவது கேட்டதா என்று அவளிடம் கேட்டேன்.

"இல்ல மேடம். எனக்கு ஒண்ணும் கேக்கல. அதான் உள்ள வந்தேன்."

ஆறு ஐம்பது பஸ் போய்விட்டது. அவள் மருத்துவமனைக்குப் போன் செய்து வர முடியாது என்று சொல்லிவிட்டு, எட்டரை வரைக்கும் அங்கேயே என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

மேரி